பிடி என்றார்கள்

தமுக்கு அதிர்ந்தது. பிரிஜெட் தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் அழுத்தி நிறுத்தினாள். ஹெப்பகோடியில் காலை பத்து மணிக்குத் தமுக்கு அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏரிக்கு ஆபத்து.

மூன்று நாள் கொட்டிய மழை அன்று விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. போதாக்குறைக்கு அது ஆனேக்கல் சந்தை நாள். தெம்புள்ள ஆண்களில் பாதிப் பேர் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏரி உடைந்தால் தாழ்வில் இருக்கும் முப்பது வீடுகளும் மிஞ்சாது. அந்த முப்பதில் பிரிஜெட்டின் ஓட்டு வீடும் ஒன்று.

"என்னாங்க" என்று கூப்பிட்டாள். கொல்லைப் படல் திறந்து கிடந்தது. கணவன் மதலைமுத்து செருப்புகூடப் போடாமல் ஓடியிருந்தான்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் அவன் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. இனிமேல் போகவே மாட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

காரணம், ஒரு தூண்டில்.

மதலைமுத்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் கூட்ஸ் குமாஸ்தா. ரிட்டையரானபோது மேலதிகாரி ஒரு சீமைத் தூண்டிலைப் பரிசாகக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அல்சூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிடுவான். நெஞ்சுச் சளிக்கு நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பட்டணத்தில் பிளாக்பள்ளிச் சந்து வீட்டை விட்டு, கன்னடம் பேசும் ஹெப்பகோடிக்குக் குடிவந்தார்கள். வண்டியிலிருந்து சாமான் இறக்கி முடியுமுன்பே அவன் கேட்டது ஏரி எந்தப் பக்கம் என்பதைத்தான்.

ஆனால் ஹெப்பகோடி ஏரியின் மீன் ஊர் மீன். வெயில் காலத்தில் மாரம்மன் திருவிழா கழிந்து, தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும், ஊரே கூடையோடு இறங்கிப் பிடிக்கும். அதுவரை ஒருவரும் தூண்டில் போடக் கூடாது. இதை பிரிஜெட் அவனுக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். ஒரு கிழவன் இரண்டு கெண்டை பிடித்தால் ஏரி வற்றிவிடுமா என்று சிரித்துவிட்டு, அவன் விடியற்காலையில் மறுகரைக்குப் போய்க்கொண்டே இருந்தான். ஏரித் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் எல்லப்பாவின் பரம்பரைப் பொறுப்பு. அவன் இரண்டு தடவை கையால் ஜாடை காட்டி எச்சரித்தான். மூன்றாம் தடவை, துணி துவைக்கும் பெண்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, தூண்டிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துத் தண்ணீரில் எறிந்தான்.

மதலைமுத்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். அன்று சாப்பிடவும் இல்லை.

இப்போது அந்த எல்லப்பாவின் ஏரிக்குத்தான் ஓடியிருந்தான். பிரிஜெட் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கோபத்தை மறந்து போனானே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

கரைமேல் ஏறியதும் விஷயம் புரிந்தது. தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே மதகு. அதை அடைத்திருந்த மரக்கட்டை வெள்ளத்தில் பெயர்ந்துவிட்டது. கரையின் அடிவயிற்றில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. எல்லப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, களிமண் திணித்த சாக்கோடு உள்ளே மூழ்கியிருந்தான். கயிற்றின் மறுமுனை கரையில் ஐந்து பேர் கையில். முன்னால் நின்றவன் மதலைமுத்து.

இரைச்சல் சட்டென்று அடங்கியது. சாக்கு மதகில் பொருந்திவிட்டது. கரையில் நின்ற பெண்கள் கைகூப்பினார்கள். எல்லப்பாவின் மனைவி சாக்கம்மா ஓடி வந்து பிரிஜெட்டின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

எல்லப்பாவின் தலை வெளியே வரவில்லை. கை மட்டும் வந்தது. அது தண்ணீரை அறைந்தது.

கயிறு அடியிலிருந்த குறுக்குக் கல்லில் மாட்டிக்கொண்டுவிட்டது. கரையிலிருந்து இழுக்க இழுக்க அது அவனைக் கல்லோடு சேர்த்து இறுக்கியது. தளர்த்தினால் மேலே வந்துவிடுவான். பின்னால் இருந்த நால்வரும் அதைக் கண்டு கயிற்றைப் போட்டுவிட்டார்கள். மதலைமுத்து மட்டும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றான்.

"பிடி! பிடி!" என்று ஊரே கத்தியது.

அந்தச் சொல்லை பிரிஜெட் தினமும் கேட்கிறவள். ரவிக்கை அளவு பார்க்கும்போது கை இறுக்கமாக இருந்தால் பெண்கள் 'பிடி, பிடி' என்பார்கள். கன்னடத்தில் அது 'விடுங்கள்' என்று அர்த்தம். வந்த புதிதில் அவள் அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். முதல் எழுத்தைக் கன்னடக்காரர்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது பேர் ஒரே சமயத்தில் கத்தும்போது அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கு எட்டும்?

'பிடி' என்று கத்தக் கத்த மதலைமுத்து இன்னும் இழுத்தான். தண்ணீரை அறைந்த கை மெதுவாகியது. பிறகு விரல்கள் மட்டும் அசைந்தன.

"விடுங்க!" என்று அலறினாள் பிரிஜெட். "ஏங்க, கயித்த விடுங்க!"

விட்டான்.

எல்லப்பா முதுகு மேலாக மிதந்து வந்தான்.

அவனைச் சாவடிக்குத் தூக்கிப் போனார்கள். குப்புறப் போட்டு முதுகை அழுத்தியதும் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சும் வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. இடது பக்கம் இரண்டு விலா எலும்பு போயிருக்கிறது என்றார் கட்டுப் போடுகிறவர். இந்த நிலைமையில் வண்டியில் ஏற்றினால் பட்டணம் போகுமுன்பே உயிர் போய்விடும் என்றும் சொன்னார்.

ஏரி பிழைத்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்கு நாளைக்கு முன் தூண்டில் ஒடிந்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

மத்தியானம் பிரிஜெட் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போனாள். சாக்கம்மா புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஹெப்பகோடியில் பிரிஜெட்டுக்குக் கன்னடம் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வாசலில் பசு கட்டக் கூடாத இடத்தையும், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும் என்பதையும் சொல்லிக்கொடுத்தவள். அவள் கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்தாள், பிரிஜெட்டைப் பார்த்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிரிஜெட் வீடு திரும்பியபோது வாசலில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டார்கள். வெட்டாத துணியை மடித்துக் கொடுத்தாள். அரை மணி கழித்து இன்னொருத்தி வந்தாள். அப்புறம் மூன்று பேர். கடைசியாக வந்தவள் ஒரு கை மட்டும் வைத்துத் தைத்திருந்த ரவிக்கையை அப்படியே வாங்கிச் சுருட்டிக்கொண்டு போனாள். பொழுது சாய்வதற்குள் மிஷின் பலகையில் ஒரு நூல் கண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஊர்த் தலைவர் பட்டேலின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். காலையில் மாரம்மன் கோயில் முன்னால் ஊர் கூடுகிறது. அதற்குள் எல்லப்பா கண் திறக்காவிட்டால் ஆனேக்கல் போலீசுக்கு ஆள் போகும்.

மதலைமுத்து கட்டிலில் உட்கார்ந்து, கயிறு அறுத்த மணிக்கட்டில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"அவங்க கத்தினது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"என்னான்னு விழுந்துச்சு?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "பிடின்னாங்க. பிடிச்சேன்."

பிரிஜெட்டுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இதுதான் நடந்தது, இவ்வளவுதான் நடந்தது, இதை ஊருக்குப் புரியவைத்தால் போதும் என்று தோன்றியது. உப்பு வாங்கக்கூட அவள்தானே கடைக்குப் போகிறாள்? பதினான்கு மாதத்தில் இந்த மனுஷன் யாரிடமாவது கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசியிருக்கிறானா? அவள் அப்படியே எழுந்து ஆராவமுதன் தோட்டத்துக்கு நடந்தாள்.

ஆராவமுதன் மைசூர் சர்க்காரில் ரெவின்யூ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே மாந்தோப்பு வைத்திருந்தார். காலையும் மாலையும் மழை அளக்கும் குப்பியைத் தூக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுபோல வரும். அவர் சொல்லுக்குப் பட்டேலும் கட்டுப்படுவார்.

அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"இதுல ஒரு வேடிக்கை பாருங்கோ. உங்க ஆத்துக்காரர் வயசானவர், ஊருக்குப் பெரிய மனுஷர். அதனாலதான் மரியாதையா 'பிடி'ன்னிருக்கா. சின்னப் பையனா இருந்தா 'பிடு'ன்னுதான் கத்தியிருப்பா. அதைத் தமிழா எடுத்துக்க முடியாது. மரியாதை கொடுத்துதான் இந்த வினை."

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும் சார்."

"சொல்றேன். ஆனா அவருக்குக் கன்னடம் தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்றது? அதை நானே பார்த்துத் தெரிஞ்சுக்கணும், இல்லையா?"

மறுநாள் காலை மாரம்மன் கோயில் முன்னால் நாற்பது ஐம்பது பேர் வட்டமாக நின்றார்கள். சந்தைக்குப் போயிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். எல்லப்பா இன்னும் கண் திறக்கவில்லை. சாக்கம்மா வட்டத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வற்றிப்போன முகம். நடுவில் மதலைமுத்து கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து நின்றான்.

பட்டேல் நடந்ததைச் சொன்னார். தூண்டில் ஒடிந்ததையும் விடாமல் சொன்னார். பின்னால் இருந்த நாலு பேருக்கும் கேட்டது முன்னால் நின்றவருக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும் என்று கேட்டார். கூட்டம் உறுமியது. பிரிஜெட் முன்னால் வந்து இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினாள். சிலர் தலையாட்டினார்கள். ஓர் இளைஞன், ஒரு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு இதுகூடவா தெரியாது என்றான். அதற்கும் சிலர் தலையாட்டினார்கள்.

ஆராவமுதன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தார். மதலைமுத்துவிடம் தமிழில், சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். ஸ்டேஷனில் எத்தனை வருஷம் வேலை, யார் கீழே, நெஞ்சுச் சளி இப்போது எப்படி. மதலைமுத்து அடக்கமாகப் பதில் சொன்னான். பேசிக்கொண்டே இருந்தவர், குரலை ஏற்றாமல் இறக்காமல், மழையைப் பற்றிச் சொல்கிறவர் போலக் கன்னடத்தில் சொன்னார்:

"நிம்ம எடகாலு ஹத்ர ஹாவு."

உங்கள் இடது கால் பக்கத்தில் பாம்பு.

கூட்டம் சிதறியது. பெண்கள் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார்கள். பட்டேல் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிரிஜெட்டே இரண்டடி தள்ளி விழுந்தாள். எல்லார் கண்ணும் மதலைமுத்துவின் காலடியில் இருந்தது.

அவன் மட்டும் அசையவில்லை. வெறிச்சோடிப்போன வட்டத்தின் நடுவே ஆராவமுதனின் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

அங்கே பாம்பு எதுவும் இல்லை. அது தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தெரிந்ததும் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. பாம்பு என்றுகூடத் தெரியாத மனுஷன் என்று அந்த இளைஞனே சொல்லிச் சிரித்தான்.

பிரிஜெட் சிரிக்கவில்லை. அவள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஐம்பது பேர் ஒருவனுடைய காலைப் பார்த்து அலறி ஓடினால், அவன் என்ன செய்வான்? பாஷை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செவிடனாகவே இருந்தாலும், குனிந்து தன் காலைப் பார்ப்பான். மதலைமுத்து பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நின்றவன் மாதிரி நின்றான்.

ஆராவமுதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பட்டேலிடம், நீங்களே பார்த்தீர்கள், நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்றார்.

பட்டேல் சாக்கம்மா பக்கம் திரும்பினார். பாதிக்கப்பட்டவள் அவள். அவள் ஒப்புக்கொண்டால் இத்தோடு விட்டுவிடலாம், இல்லையென்றால் போலீஸ்தான் என்றார்.

சாக்கம்மா எழுந்தாள். பட்டேலிடம் போகவில்லை. நேராக பிரிஜெட்டின் எதிரில் வந்து நின்றாள். கன்னடத்தில், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அம்மாவ்ரே, நேற்று நான் உங்கள் கஞ்சியைத் தொடவில்லை. எனக்குப் பாம்பு வேடிக்கை எல்லாம் வேண்டாம். உங்கள் சாமி மேல் ஆணையாக நீங்கள் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாதா?"

பிரிஜெட்டின் கை கழுத்துச் சிலுவையைத் தேடியது. கணவனைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டுக் கைக்கு வெளியே மணிக்கட்டில் சிவந்த தழும்பு. உண்மை என்னவென்று அவளுக்கே நிச்சயமில்லை. சந்தேகம்தானே? சந்தேகத்தை வைத்து ஒருவனை ஜெயிலுக்கு அனுப்புவதா? அறுபது வயதை நெருங்குகிறவன், நெஞ்சில் சளி, ஒரு மழைக்காலம் தாங்குவானா அங்கே? எதிரில் சாக்கம்மா கண் கொட்டாமல் நின்றாள்.

"தெரியாது" என்றாள் பிரிஜெட்.

சாக்கம்மா தலையை அசைத்தாள். அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது.

எல்லப்பா அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கண் திறந்தான். சாக்கு நின்றதா என்றுதான் முதலில் கேட்டானாம். நடந்ததைச் சொன்னபோது சிரிக்கப் பார்த்து, விலா வலித்து முகத்தைச் சுளித்தானாம். அந்தக் கிழவருக்கு நல்ல பிடி என்றானாம், தமிழிலேயே. இதைச் சொல்ல சாக்கம்மாவே ஓடி வந்தாள். பிரிஜெட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெயில் வந்ததும் ஊர் மீன் பிடிக்கும்போது முதல் கூடை உங்கள் வீட்டுக்குத்தான் என்று எல்லப்பா சொல்லியனுப்பியதாகச் சொன்னாள்.

அவள் பின்னாலேயே பெண்கள் வந்தார்கள். துணிகள் ஒவ்வொன்றாக மிஷின் பலகைக்குத் திரும்பி வந்தன. ஒரு கை வைத்த ரவிக்கையும் வந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். ஒருத்தி தன் மருமகளுக்கு 'பிடி' என்றால் தமிழில் என்னவென்று விளக்கினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரிஜெட்டும் சிரித்தாள். கன்னம் வலித்தது.

அவர்கள் போனபின் பிரிஜெட் கதவைச் சாத்தினாள். மதலைமுத்து கறுப்புக் கோட்டைக் கழற்றி, ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் உங்க காலைப் பார்த்தாங்க" என்றாள் அவள். "நீங்க ஏன் குனிஞ்சு பாக்கல?"

அவன் கோட்டைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு அதை ஆணியில் மாட்டினான்.

"அதை விடு. நேத்து மட்டும் நீ கரைக்கு வரலைன்னா, அவங்க சொன்னது புரிஞ்சும் நான் அந்தக் கயித்த விட்டிருக்க மாட்டேன், பிரிஜெட்."